மேற்குக் கடலோர மீன்வளமும் அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்பும்

கேரளத்தில் மத்தி என்றும், மங்களூர்ப் பகுதியில் துளு மொழியில் பூத்தாயி என்றும், கோவாவில் தார்லே என்றும் வழங்கும் மீன் ஒன்றே. தமிழில் அதற்கு நெய்ச்சாளை என்று பெயர். மாநில எல்லையைக் கடக்குந்தோறும் அதன் பெயர் மாறுகிறது, மீன் மாறுவதில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தையொட்டி முட்டையிட்டுப் பெருகும் இம்மீன், இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளே உயிர் வாழ்வது. அந்தக் குறுகிய காலத்திற்குள் அது ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களின் கடற்பரப்பில் உலவுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களின் வலைகளுக்கு இலக்காகிறது. கானாங்கெளுத்தி, இறால் முதலிய பிற இனங்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

இதன் பொருளாதார முக்கியத்துவத்தை ஒரு கணக்கு தெளிவாக்கும். 2012ஆம் ஆண்டில் கேரளக் கரையில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் நெய்ச்சாளை பிடிக்கப்பட்டது. 2021இல் அது 4,000 டன்னுக்கும் கீழே சரிந்தது. 2022இல் மீண்டும் ஒரு லட்சம் டன்னைக் கடந்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வுக்குக் கடல்நீர் வெப்பமும் பருவமழையின் போக்கும் காரணம். வளர்ச்சியடையாத இளம் மீன்களைப் பெருமளவில் அள்ளுவதும் காரணம். முன்னவை மனிதர் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டவை. பின்னது கட்டுப்படுத்தக்கூடியதே. ஆனால் அக்கட்டுப்பாடு எவரிடம் உள்ளது என்பதே வினா.

அதிகாரப் பங்கீடு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 21ஆம் இனமாக மீன்வளம் இடம்பெற்றுள்ளது. ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பால் நடைபெறும் மீன்பிடிப்பு, மத்தியப் பட்டியலின் 57ஆம் இனமாகும். 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டம் ஆட்சிக்குட்பட்ட கடலின் அகலத்தை 12 கடல் மைல் என்றும், தனிப் பொருளாதார மண்டலத்தின் எல்லையை 200 கடல் மைல் என்றும் வரையறுத்தது. இதன் விளைவாகக் கடல் இருவகையாகப் பிரிந்துள்ளது. கரையையொட்டி மாநிலத்திற்கு மாநிலம் ஒரு பிரிவு. கரையிலிருந்து வெளிநோக்கி, மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையே மற்றொரு பிரிவு. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் ஒரு விசைப்படகு, ஒரே பயணத்தில் இவ்விரு எல்லைகளையும் கடந்துவிடும்.

இப்பிரிவினை முற்காலத்தில் பெரும் இடர் எதையும் விளைவிக்கவில்லை. கட்டுமரமும் துடுப்புப் படகும் கரையை விட்டு வெகுதொலைவு சென்றதில்லை. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியபின் நிலைமை மாறலாயிற்று. இறால் ஏற்றுமதி பெருக, இழுவலைப் படகுகள் பெருகின. நாட்டுப்படகு மீனவர்களுக்கும் விசைப்படகு உரிமையாளர்களுக்கும் இடையே மோதல்கள் எழுந்தன. 1976இல் மத்திய அரசு மஜும்தார் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்ட முன்வரைவு அனுப்பப்பட்டது. கேரளமும், அப்போது யூனியன் பிரதேசமாயிருந்த கோவாவும் 1980இல் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றின. மகாராஷ்டிரம் 1981இலும், கர்நாடகம் 1986இலும், குஜராத் 2003இலும் இயற்றின. ஒரே கடலோரத்திற்குச் சட்டம் முழுமை பெற 23 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு சட்டமும் தன் கரையை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தனித்துக் கட்டுப்படுத்துவதன் இழப்பு

ஒரு மாநிலம் தனியாகக் கட்டுப்பாடு விதிக்கும்போது நேர்வது என்ன? கட்டுப்பாட்டின் செலவை அம்மாநில மீனவர் முழுமையாக ஏற்கின்றனர். அதன் பயனோ எல்லா மாநிலங்களுக்கும் பகிர்ந்து சேர்கிறது. அண்டை மாநிலம் அதே கட்டுப்பாட்டை மேற்கொள்ளாவிடில், விடப்பட்ட மீன் அடுத்த கரையின் வலையில் விழும். எனவே நேர்மையாகச் சட்டத்தைச் செயற்படுத்தும் அரசு தன் மீனவரின் குறைகூறலுக்கு ஆளாகிறது; சட்டத்தைத் தளர்த்தும் அரசு தற்காலிக ஆதாயம் பெறுகிறது. பொதுச் சொத்தின் பொருளாதாரத்தில் நன்கறியப்பட்ட இச்சிக்கல், இங்கே அரசுகளுக்கிடையிலேயே தோன்றுகிறது.

குறைந்தபட்ச மீன் அளவு பற்றிய விதி இதற்குத் தக்க சான்றாகும். கேரள அரசு 2015இல் 14 இனங்களுக்கும், பின்னர் 2017இல் 58 இனங்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்ச அளவை அறிவித்தது. நெய்ச்சாளைக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர் என்பது விதி. ஆனால் இளம் மீனுக்கான தேவை கேரளத்திற்குள் மட்டும் இல்லை. மங்களூர்ப் பகுதி உள்ளிட்ட பிற கரைகளில் இயங்கும் மீன்தூள், மீன் எண்ணெய் ஆலைகளுக்கு அளவு ஒரு பொருட்டன்று, எடையே போதும். லாரியில் ஏற்றிய மீன் சில மணி நேரத்தில் மாநில எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே, பிடிக்கும் இடம், இறக்கும் இடம், விற்கும் இடம் ஆகிய மூன்றிலும் விதி ஒன்றாக இருந்தாலன்றி, ஒரு மாநிலத்தின் அறிவிப்பு தன் முழுப் பயனை அளிக்க இயலாது.

தடைக்காலம் காட்டும் வழி

ஒத்துழைப்பு இயலாத ஒன்றன்று என்பதற்குப் பருவமழைக்கால மீன்பிடித் தடையே சான்று. கேரளம் 1988இல் மழைக்கால இழுவலைத் தடையைத் தொடங்கியது. பிற மாநிலங்களும் வெவ்வேறு நாட்களில் தடை விதித்தன. நாட்கள் வேறுபட்டதால், ஒரு மாநிலப் படகுகள் கரையில் நிற்கும்போது அடுத்த மாநிலப் படகுகள் கடலில் இருந்தன. மத்திய அரசு படிப்படியாக ஒருமைப்பாட்டைக் கொண்டுவந்தது. 2015இல் தடைக்காலம் 61 நாட்களாக நிர்ணயிக்கப்பட்டது. கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடலோரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை நிலவுகிறது. இயந்திரம் பொருத்தாத பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு.

இதில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், கிழக்குப் பகுதி ஏப்ரல் தடையையும், மேற்குப் பகுதி ஜூன் தடையையும் பின்பற்றுகின்றன. அதாவது, ஒரே மாவட்டத்திற்குள் இரு காலங்கள். ஆட்சி எல்லையைவிடக் கடலின் இயல்பே விதியை நிர்ணயிக்க வேண்டும் எனும் கொள்கை இங்கே ஏற்கப்பட்டிருக்கிறது.

எனினும் ஒருமைப்பாடு முழுமை பெறவில்லை. கேரளம் தன் ஆட்சிக்குட்பட்ட கடலில் 2018 முதல் 52 நாள் தடையைக் கடைப்பிடித்து வருகிறது. எட்டு, ஒன்பது நாள் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். படகைக் கட்டிவைத்திருக்கும் அண்டை மாநில மீனவருக்கு அது சிறிதன்று.

வலைகளும் ரோந்தும்

காலத்தில் காணப்படும் இணக்கம் கருவிகளில் காணப்படவில்லை. செயற்கை ஒளியால் மீனைக் கவர்ந்து பிடிப்பதையும், இரு படகுகள் இணைந்து ஒரே வலையை இழுப்பதையும் தனிப் பொருளாதார மண்டலத்தில் தடை செய்து 2017 நவம்பர் 10இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆயினும் கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் அண்டை மாநில விசைப்படகுகள் அத்துமீறுவதாக முறையீடுகள் தொடர்ந்து எழுந்துள்ளன. மகாராஷ்டிரம் 2021இல் தன் சட்டத்தைத் திருத்தித் தண்டத்தொகையை உயர்த்தியது. ஆனால் ஒரு மாநிலத்தின் ரோந்துப் படகு தன் எல்லையோடு நின்றுவிடுகிறது; தப்பிய படகு பதிவு பெற்ற துறைமுகமோ வேறு மாநிலத்தில் உள்ளது.

மாநிலக் கடலுக்கும் மத்தியக் கடலுக்கும் இடையிலும் இதே நிலை. தமிழ்நாடு 2000ஆம் ஆண்டில் சுருக்குமடி வலையைத் தடை செய்தது. 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரு நாட்கள் மட்டும், பல நிபந்தனைகளுடன் அதனைப் பயன்படுத்த 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது. ஒரே படகு, ஒரே வலை. கோட்டிற்கு இப்பால் குற்றம், அப்பால் தொழில். இதனைக் கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட மீன்துறை அலுவலரையே சார்கிறது.

கூடிப் பேசும் மன்றம்

மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்ப் பிணக்குகளுக்கு அரசியலமைப்பின் 262ஆம் விதியும், 1956ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. கடல் மீனுக்கு அவ்வாறு ஏதுமில்லை. மண்டலக் குழுக்களை நாடலாம் எனில், அங்கும் ஒரு தடை உண்டு. கர்நாடகமும் கேரளமும் தென்மண்டலக் குழுவில் உள்ளன. கோவாவும் மகாராஷ்டிரமும் மேற்கு மண்டலக் குழுவில் உள்ளன. ஒரே மீன்பிடிப் பரப்பில் அன்றாடம் சந்திக்கும் கர்நாடகமும் கோவாவும், ஒரே குழுவில் சந்திப்பதில்லை. இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. இந்தியா 1995இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையின் 63ஆம் பிரிவு, பொதுவான மீன் திரளைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் உடன்பாடு காண முயல வேண்டும் என்கிறது. நாடுகளுக்கு உள்ள இக்கடமை, ஒரே நாட்டின் மாநிலங்களுக்கு எழுத்தில் இல்லை.

அமெரிக்க அனுபவம் இங்குப் பயன்படும். அந்நாட்டின் அட்லாண்டிக் கரையிலுள்ள 15 மாநிலங்கள், 1942இல் ஒப்பந்தத்தின் வழியாக ஒரு கூட்டு மீன்வள ஆணையத்தை அமைத்தன. மாநிலத்திற்கு ஒரு வாக்கு. நெடுங்காலம் அது அறிவுரை கூறும் அமைப்பாகவே இருந்தது. ஸ்டிரைப்டு பாஸ் எனும் மீன் அருகியபோது, 1984இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆணையத்தின் திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தின் கடலில் அம்மீனைப் பிடிப்பதையே கூட்டாட்சி அரசு நிறுத்தலாம் என்பது அதன் சாரம். 1995இல் அம்மீனின் வளம் மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. திட்டத்தை மாநிலங்களே கூடி வகுத்தன. மீறுவோரைத் தடுக்கும் ஆற்றல் மட்டும் மத்தியில் இருந்தது. இந்த இணைப்பே வெற்றிக்கு அடிப்படை எனலாம்.

செய்யத்தக்கவை

இந்தியச் சூழலில் நான்கு நடவடிக்கைகள் முதன்மையானவை. முதலாவதாக, மாநிலத்தை அல்லாமல் மீன் திரளை நிர்வாக அலகாகக் கொள்ள வேண்டும். இதற்கு வேண்டிய அறிவியல் அடிப்படை, 1947இல் நிறுவப்பட்டு இப்போது கொச்சியில் இயங்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திடம் உள்ளது. இரண்டாவதாக, குறைந்தபட்ச மீன் அளவு, வலைக்கண் அளவு, தடைக்காலம் ஆகிய மூன்றிலேனும் கேரளம் முதல் குஜராத் வரை பொது விதி வேண்டும். அதைவிடக் கடுமையான விதியை விரும்பும் மாநிலம் வகுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, கண்காணிப்பின் மையம் துறைமுகமாக இருத்தல் வேண்டும். பரந்த கடலில் படகைத் துரத்துவது அரிது. எந்தப் படகும் எங்கேனும் ஒரு துறைமுகத்தில் மீனை இறக்கியே ஆகவேண்டும். ஒரு மாநிலம் பதிவு செய்த குற்றத்தின் மீது, படகைப் பதிவு செய்த மாநிலம் நடவடிக்கை எடுக்க உடன்பாடு தேவை.

நான்காவது, தொழிலாளர் நலன். கன்னியாகுமரி மீனவர் பலர் கொச்சியிலிருந்தும், ஆந்திரத்தின் வடகடலோர மீனவர் பலர் குஜராத்தின் வேராவலிலிருந்தும் கடலுக்குச் செல்கின்றனர். சேமிப்புடன் கூடிய நிவாரணத் திட்டத்தில், மீனவர் செலுத்தும் 1,500 ரூபாயுடன் அரசுகளின் பங்காக 3,000 ரூபாய் சேர்த்து வழங்கப்படுகிறது. சொந்த மாநிலத்தின் தடையும் வேலை செய்யும் மாநிலத்தின் தடையும் வெவ்வேறு மாதங்களில் அமையும்போது, இத்தொழிலாளருக்கு உதவி உரிய காலத்தில் சேர்வதை இரு மாநிலங்களும் கலந்து உறுதி செய்ய வேண்டும்.

2025 நவம்பரில் தனிப் பொருளாதார மண்டலத்திற்கான மீன்பிடி விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமையும், ஒளி மீன்பிடிப்புக்கும் இணை இழுவலைக்கும் தடையும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அவை 12 கடல் மைலுக்கு அப்பாற்பட்டவை. நாட்டுப்படகு மீனவரின் வாழ்வு பெரிதும் சார்ந்திருப்பது அதற்கு உட்பட்ட கடலையே. அங்கு அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது. அவ்வாறே இருப்பதும் முறை. கரையையும் மக்களையும் அறிந்தவை அவையே. ஒத்துழைப்பு என்பது அதிகாரத்தை இழப்பதன்று. தனித்து நின்றால் பயனற்றுப்போகும் அதிகாரத்தை, சேர்ந்து நின்று பயனுள்ளதாக்குவதே ஆகும். பருவமழைத் தடையில் மாநிலங்கள் இதனை ஒருமுறை மெய்ப்பித்துள்ளன. அதே உடன்பாட்டை வலைக்கும் மீனின் அளவுக்கும் விரிவுபடுத்தினால், ஒரு கரை விட்டுவைக்கும் இளம் மீன் எல்லாக் கரைகளுக்கும் வளமாகும்.