ஈகோ ஓகே பாஸ்!

'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி மச்சி!'

பழையசீவரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் காலேஜ் கும்பலில் இருந்து கேன்டீன் வரைக்கும் தினமும் காதில் விழுகிற டயலாக். லேப் பார்ட்னர் பேசலைன்னா ஈகோ. ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போடலைன்னா ஈகோ. காதலி முதலில் 'ஸாரி' சொல்லலைன்னா... கேட்கவே வேணாம்! ஆக, நம்ம அகராதியில் ஈகோன்னா திமிர்.

ஆனா, ஆழ்மனசை ஆராய்ஞ்சவங்ககிட்ட போனா அர்த்தம் அப்படியே உல்டா. அங்கே ஈகோ ஸ்ட்ராங்கா இருந்தா சந்தோஷம். வீக்கா இருந்தாதான் சிகிச்சையே!

குழப்பத்துக்குக் காரணம் ஒரு மொழிபெயர்ப்பு. வியன்னா டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1923-ல் எழுதின புத்தகத்தோட ஜெர்மன் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னா, 'நானும் அதுவும்'. அவர் போட்டது 'இஹ்'ங்கிற சாதாரண வார்த்தை. குழந்தைகூட சொல்லும் 'நான்'. இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவங்கதான் டாக்டர் பாஷையா இருக்கட்டும்னு லத்தீனில் இருந்து 'ஈகோ'வை இழுத்துட்டு வந்தாங்க.

இந்த 'நான்' செய்யுற வேலை டவுன் பஸ் கண்டக்டர் வேலை. உள்ளே இருந்து ஒரு குரல், 'எனக்கு இப்பவே வேணும்'னு கத்தும். மேலே இருந்து இன்னொண்ணு, 'நீயெல்லாம் உருப்படுவியா?'னு அதட்டும். வெளியே நிஜம் வேற, சில்லறை இல்லாத பயணி மாதிரி நிக்கும். எல்லாரையும் சமாளிச்சு, ஃபுட்போர்டில் தொங்குறவனையும் உள்ளே ஏத்தி, பஸ் நகரணும். கண்டக்டர் தெம்பா இருந்தா வண்டி ஓடும்.

அந்தத் தெம்பு பிறக்கும்போதே ரெடிமேடா வர்றதில்லை. பசிக்கும், குழந்தை அழும், அம்மா வர கொஞ்சம் லேட்டாகும், அப்புறம் பால் கிடைக்கும். தாங்கக்கூடிய அளவு ஏமாற்றம், கூடவே ஆறுதல்... இப்படித்தான் 'நான்' கொஞ்சம் கொஞ்சமா இறுகுது. தாங்க முடியாதப்போ கேடயம் தூக்கும். ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட் 1936-ல் அந்தக் கேடயங்களைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டார். அரியர் விழுந்ததும் 'பேப்பர் திருத்தினவன் சரியில்லை'ன்னு சொல்றோமே, அது அந்த வகைதான்! ஒரு சின்ன கிண்டலுக்கே சட்டையைப் பிடிக்கிறவனுக்கு ஈகோ பெருசுன்னு நினைக்கிறோம். பல நேரம் அது அப்பளம் மாதிரி மெல்லிசா இருக்கும். அதான் அவ்வளவு சத்தம்.

'நான் யார்?'ங்கிற கேள்வி டீன் ஏஜில்தான் விஸ்வரூபம் எடுக்கும்னு சொன்னவர் எரிக் எரிக்சன். தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைச் சொன்னாலே திருவண்ணாமலைதான் ஞாபகம் வரும். 1896-ல், 16 வயசு வேங்கடராமன், அண்ணனின் காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கிட்டு மதுரையில் இருந்து கிளம்பினார். பின்னாளில் ரமண மகரிஷி. அவர் வெச்சுட்டுப்போன கடிதம் 'நான்' என்று ஆரம்பிக்கும். நடுவிலேயே 'நான்' காணாமப்போய் 'இது' வந்துடும். கடைசியில் கையெழுத்தே கிடையாது!

இந்த இடத்தில் என்ட்ரி கொடுக்கிறார் கார்ல் யுங். ஃப்ராய்டின் முன்னாள் சகா, சுவிட்சர்லாந்துக்காரர். 1937 கடைசியில் இந்தியா வந்து, தெற்கே திருவனந்தபுரம் வரைக்கும் போனவர், ரமணரை மட்டும் போய்ப் பார்க்கலை. ஊர் திரும்பினதும் நண்பர் ஸிம்மர் கேட்ட முதல் கேள்வியே, 'மகரிஷி எப்படி இருக்கார்?'தானாம். பாவம்! 1944-ல் ஸிம்மரின் ரமணர் பற்றிய புத்தகத்துக்கு எழுதின முன்னுரையில் யுங் இதைச் சொல்லிட்டு, தன் மனசில் நின்னவர் வேற ஒருத்தர்ங்கிறார். திருவனந்தபுரத்தில் சந்திச்ச ரமணரின் சீடர். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எளிய மனுஷர், வீடு நிறையப் பிள்ளைகள். ஞானத்தையும் சம்சாரத்தையும் சேர்த்தே சுமந்த அவரைத்தான் யுங்குக்குப் பிடிச்சிருந்தது. கூடவே ஒரு வாதமும் வைக்கிறார்: 'நான்' முழுசாக் கரைஞ்சுட்டா, நடக்கிறதைப் பதிவு பண்ணக்கூட ஆள் இருக்காதே?

ரமணர் தேடின 'நான்' வேற, கண்டக்டர் 'நான்' வேறன்னு பக்தர்கள் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். என் கவலை வேற. மனசு உடைஞ்சு உட்கார்ந்திருக்கிற 18 வயசுப் பையன்கிட்ட, 'ஈகோவை விடுப்பா, எல்லாம் சரியாகிடும்'னு ஆளாளுக்கு அட்வைஸ் பண்றாங்களே... அது காங்கிரீட் இறுகுறதுக்கு முன்னாடியே சென்ட்ரிங்கைப் பிரிக்கிற வேலை. (சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கை தட்டலாம்!)

சரி, நம்ம வீட்டு சென்ட்ரிங் எப்படி? 'ஏன் இ.சி.இ. எடுத்தே?'ன்னு கேட்டுப் பாருங்க. 'எங்க வீட்ல சொன்னாங்க'ன்னுதான் முக்கால்வாசி பதில் வரும். மனப்பகுப்பாளர் சுதிர் காக்கர் 1978-ல் எழுதின 'தி இன்னர் வேர்ல்ட்' புத்தகத்தில் இதைத் தொட்டிருக்கார். இங்கே அம்மாவும் குடும்பமும், பிள்ளையின் 'நான்' செய்யவேண்டிய வேலைகளை ரொம்ப வருஷம் தாங்களே செய்றாங்க. அதனால் 'இந்திய ஈகோ வளராத ஈகோ'ன்னு முத்திரை குத்தினவங்களும் உண்டு. அமெரிக்க மனப்பகுப்பாளர் ஆலன் ரோலண்ட் 1988-ல் அதை மறுத்தார். வளராதது இல்லை, இது 'நாம்' என்று வளர்ந்த மனசு என்றார். என் ஓட்டு ரோலண்டுக்குத்தான். ஆனா, அந்த 'நாம்' ஹாஸ்டலில் தனியா மாட்டும்போது, தேர்வு முடிவு வந்த ராத்திரி, முட்டுக் கொடுக்க யார் இருக்கா?

அங்கேதான் தெரபி. ஆலோசகர் கொஞ்ச நாளைக்குத் தன் 'நானை' நமக்குக் கடனாத் தர்றார். 'நான் தோத்துட்டேன்'னு அழுற ஒரு பாதி, 'நான் இப்போ அழுதுட்டிருக்கேன்'னு பார்க்கிற ஒரு பாதி. இந்த ரெண்டாவது பாதியோட கூட்டணி போடுறதுதான் சிகிச்சைன்னு ரிச்சர்ட் ஸ்டெர்பா 1934-லேயே எழுதிட்டார். 'மேடம், நான் என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லிடுங்க'ன்னு நம்ம ஆட்கள் கேட்பாங்க. ஆலோசகரையும் வீட்டுப் பெரியவங்க லிஸ்ட்டில் சேர்த்துடுற பழக்கம்! நல்ல ஆலோசகர் அதைப் பார்த்து எரிச்சல்படமாட்டார். பதிலையும் டக்குனு கையில் கொடுத்துட மாட்டார். முட்டை ஒண்ணொண்ணா எடுப்பார்.

'ஆலோசகரா? அதெல்லாம் சிட்டி காலேஜுக்குத்தான்'னு சொல்றவங்க, பழையசீவரத்தில் இருந்து பாலாற்றைத் தாண்டி திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. 11-ம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. வேதக் கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கையோட 'வீரசோழன் ஆதுலசாலை'ன்னு ஓர் ஆஸ்பத்திரி. மூணும் ஒரே கேம்பஸ்! வைத்தியருக்கு எவ்வளவு நெல், எந்தெந்த மருந்து ஸ்டாக்கில் இருக்கணும்னு வரைக்கும் வெட்டி வெச்சிருக்காங்க. பசங்களோட சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட பட்ஜெட் இருக்கு பாஸ்!

நம்ம காலத்துக் கல்வெட்டு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் இருந்து வந்தது. 100 பேரோ அதுக்கு மேலேயோ படிக்கிற கல்வி நிறுவனம்னா, பயிற்சி பெற்ற ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருத்தராவது இருக்கணும். உங்க காலேஜில் அவர் ரூம் எங்கேன்னு நாளைக்கே விசாரிங்க. 'ஸ்டோர் ரூம் பக்கத்துல'ன்னு பதில் வந்தாலும் சரி, தேடிப்போங்க. யாருமே இல்லைன்னா 14416. டெலி மானஸ். 24 மணி நேரமும், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதல் வாக்கியம் 'எங்க வீட்ல...'ன்னு ஆரம்பிச்சாலும் பரவாயில்லை, கேட்பாங்க.