உப்புக் காற்றுக்கு எந்தச் சுவர் தாங்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது.

வெள்ளம் வடிந்ததும், கறை படிந்த சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்கத்தான் கை பரபரக்கும். சிக்கலே அங்கேதான். செங்கல் குடித்த தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தாலோ, எலிவேஷன் டைல்ஸ் ஒட்டினாலோ ஈரம் உள்ளேயே அடைபடும். பெயின்ட் கொப்புளிக்கும். ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, சுவர் காயும்போது படிகமாகிப் பூச்சைத் தள்ளும். தொட்டால் பொரிந்து கையோடு வரும். திருச்செந்தூர், உவரி பக்கம் கடல் காற்றே உப்பைக் கொண்டுவந்து அப்புவதால் தொல்லை இன்னும் அதிகம்.

பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த அந்தக் காரை, ஈரத்தை வாங்கினாலும் ஆவியாக வெளியே விட்டுவிடும். (உடன்குடி கருப்பட்டி இன்று விற்கும் விலைக்குச் சுவரில் பூச யாருக்கு மனசு வரும்!) அப்படிப்பட்ட சுவர் உங்களிடம் இருந்தால், மேலே சிமென்ட் பூசாதீர்கள், காரையாலேயே ஒட்டுப் போடுங்கள்.

புது வீட்டுக்குச் சிமென்ட் பூச்சே போதும். ஆனால் கலவையில் கடல் மணலும் உப்புத் தண்ணீரும் சேரவே கூடாது. கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. போடாமல் சுவர் எழுப்ப விடாதீர்கள்.

எந்தச் சுவரானாலும் பெயின்ட் அடிக்கும் முன், ஓர் அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால், பெயின்டரை இன்னும் கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.