கதைப் புத்தகத்தில் அம்மாவுக்கு ஏன் ‘ஆள்’?

குழந்தைகளுக்கான தமிழ்க் கதைகளில் அடிக்கடி கண்ணில் படும் நடை இது: அப்பா வேலையிலிருந்து வந்தார். அம்மா தேநீர் கொண்டு வந்தாள். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வினைச்சொல்லின் முடிவை மட்டும் பாருங்கள். அப்பாவுக்கு ‘ஆர்’, அம்மாவுக்கு ‘ஆள்’.

அது அவமரியாதை அல்ல, நெருக்கம் என்பார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் அதே நெருக்கத்தில் ‘அப்பா வந்தான்’ என்று யாரும் எழுதுவதில்லையே!

நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் ‘வாப்பா வந்தாங்க’, ‘உம்மா வந்தாங்க’ என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் சமமாக இருப்பது எழுத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. இலக்கணம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ‘அம்மா வந்தார்’ என்பதும் பிழையற்ற தமிழே. காதுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இது இன்று தொடங்கியதல்ல. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஔவையாரின் ஆத்திசூடி, பெண் சொல் கேட்காதே என்று ஓரிடத்தில் அறிவுரை சொல்கிறது. எழுதியவரே ஒரு பெண்! கேட்பவன் ஆண்பிள்ளை என்று வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்ல முடியும். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் இதை மாற்றி, பெண்ணை உயர்த்தச் சொன்னார்.

விலங்குக் கதைகளிலும் இதே கதைதான். தமிழில் விலங்கு அஃறிணை. ‘வந்தது’ என்றாலே போதும். ஆனால் பேசத் தொடங்கியதும் சிங்கம் ராஜாவாகிறது, நரி ‘நரியார்’ ஆகிறது. காட்டின் சபை ஆண்களால் நிரம்பிவிடுகிறது.

சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில், தன் கூட்டத்தை எச்சரித்த எறும்பை நினைத்துப் பாருங்கள் (27:18). அரபு மூலத்தில் அதற்கு வரும் வினைச்சொல் பெண்பால். அது அந்தச் சொல்லின் இலக்கணப் பால்தான். அதை மட்டும் வைத்துப் பெண் எறும்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கதையாக்கும்போது ‘எறும்பு ராஜா’ என்று மாற்றுவதற்கு அங்கே இடமே இல்லை. (இரை தேடி வரும் வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள் என்பது உயிரியல்.) அதே அத்தியாயத்தில்தான் தம் பிரதானிகளிடம் ஆலோசனை கேட்கும் ஸபா நாட்டு அரசியும் வருகிறார்.

இரவில் கதை படித்துக் காட்டும்போது ‘வந்தாள்’ என்ற இடத்தில் ‘வந்தாங்க’ என்று நாம் படிக்கலாம். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை, “புத்தகத்துல வேற மாதிரி இருக்கே” என்று கேட்டால், ஏன் மாற்றினோம் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.