மஜ்னூன்: ஒரு சொல்லும் ஓர் அளவுகோலும்

மஜ்னூன் என்னும் அரபுச் சொல்லுக்கு ‘ஜின் பிடித்தவன்’ என்றே நம்மில் பலரும் பொருள் கொள்கின்றனர். ஜீம், நூன், நூன் என்ற அதன் வேர் மறைத்தலைக் குறிப்பதாகும். கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின். கருப்பையில் மறைந்திருப்பதால் சிசு ஜனீன். மரங்கள் தரையை மறைப்பதால் தோட்டம் ஜன்னத். அவ்வழியே, அறிவு மறைக்கப்பட்டவன் என்பதும் மஜ்னூனுக்குரிய பொருளே. ஃபிக்ஹு நூல்கள் அவனுக்குக் கடமைகளிலிருந்து விலக்களித்து, அவன் சொத்தைக் காக்கப் பொறுப்பாளரையும் வைக்கச் சொல்கின்றன. தமிழில் வழங்கும் ‘பைத்தியம்’ பித்தத்தின் வழி வந்தது. நோயைச் சுட்டிய சொற்கள் வசையான கதை தனியே எழுதத்தக்கது.

அவ்வசை மருத்துவ மாணவரின் உள்ளத்திலும் குடியிருக்கிறதா? இதனை அளக்க இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ‘மிக்கா’ என்னும் அளவுகோலில் 16 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் முழு உடன்பாடு முதல் முழு மறுப்பு வரை 6 படிகள். கூட்டுத்தொகை 16க்கும் 96க்கும் இடையே அமையும்; எண் ஏற ஏற இழிநோக்கு மிகுதி எனக் கொள்வர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் செல்வோரை எண்ணி, சில கூற்றுகளின் மதிப்பெண் தலைகீழாகக் கணக்கிடப்படுகிறது.

மாணவன் கெட்டிக்காரன்; எது நல்ல விடை என்பதை அறிவான். ஆகவே கூட்டுத்தொகையினும் இரு கூற்றுகளையே நாம் கூர்ந்து நோக்குகிறோம். தனக்கே மனநோய் வந்தால் சக மருத்துவரிடம் சொல்வானா என்பது ஒன்று. பிறர்பால் இரக்கம் பேசுவது எளிது. இங்கே கேட்கப்படுவது தன் மானம். மனநோயாளி நெஞ்சுவலி என்றால் அதையும் மனநோயின் கணக்கில் எழுதிவிடுவானா என்பது மற்றொன்று. ‘அவன் அப்படித்தான் சொல்வான்’ என்று அனுப்பிவிட்டால், மாரடைப்பு கண்டறியப்படாமலே உயிர் போகும்.

தஞ்சைத் தரணிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நெல்வயலும் பூச்சிமருந்தும் அருகருகே உள்ள ஊர்களில், மனமுடைந்தவனின் கைக்கு முதலில் எட்டுவது அம்மருந்தே. 1959இல் தொடங்கப்பெற்ற தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் பயில்வோர் அவனை அவசரப் பிரிவில் சந்திக்கின்றனர். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தற்கொலை ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் வயிற்றைக் கழுவும் நேரம் ஃபத்வா வழங்கும் நேரமன்று.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் விடுதியொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினர். இறந்தோர் 28 பேர். பிணைத்தவர்களை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மருத்துவமனைச் சீட்டில் பெயர் ஏறினால் தங்கையின் நிக்காஹ் நின்றுபோகும் என்றஞ்சி, நோயாளியை இரவோடிரவாக ஏர்வாடிக்கும் நாகூருக்கும் அழைத்துச் சென்ற குடும்பங்களை நாம் அறிவோம். அத்தகைய குடும்பம் ஒருநாள் துணிந்து புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, இளம் மருத்துவரின் உதட்டோரச் சிரிப்பொன்றே அதனைத் திருப்பியனுப்பப் போதும்.

குணமடைந்து இயல்பாக வாழ்வோரை மாணவர் நேரில் சந்தித்துப் பேசினால் இழிநோக்கு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அப்பயன் காலப்போக்கில் தேய்வதும் உண்டு. ஆகவே, உளமருத்துவப் பிரிவுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தால் மட்டும் போதாது. அதே மாணவர் பயிற்சி மருத்துவராகி, உறக்கமின்றி இரவுப்பணி பார்க்கும் காலத்திலும் மீண்டும் அளக்க வேண்டும்.