ஆங்கில வழியில் கான்ட்: ஒரு சொல்லின் பயணம்

லூபோக் சீனா போன்ற மலாக்கா மாநிலச் சிற்றூர்களில் வாழும் தமிழ் வாசகர்க்கு ஐரோப்பிய மெய்யியல் நூல்கள் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே வந்து சேர்கின்றன. மொழிபெயர்ப்பும் ஒருவகை உரையே என்பதை அவ்வாசகர் மறத்தலாகாது.

ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1781இல் வெளியிட்ட ‘தூய பகுத்தறிவின் திறனாய்வு’ இதற்குத் தக்க சான்றாகும். பொருள் புலன்வழி நமக்கு நேரே தரப்படுதலை அவர் ‘அன்ஷவுங்’ என்றார். ‘பார்த்தல்’ என்பதே அதன் அடிப்பொருள். நார்மன் கெம்ப் ஸ்மித் (1929), பால் கையர், ஆலன் உட் (1998) ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் அதனை ‘இன்டியூஷன்’ என்கின்றன. கான்ட்டே ‘இன்டூயிட்டஸ்’ எனும் இலத்தீன் சொல்லை அதற்கு இணையாகக் காட்டியுள்ளமையால் இது பிழையன்று. ஆயினும், அந்த ஆங்கிலச் சொல்லை நாம் ‘உள்ளுணர்வு’ எனக் கொள்ளப் பழகியிருப்பதால், கான்ட் ஏதோ மறைஞானம் பேசுகிறார் என மயங்க நேர்கிறது.

மணிமேகலை, ‘சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை’யில் அளவைகளுள் முதலாவதாக வைக்கும் ‘காண்டல்’ இம்மயக்கத்தைத் தீர்க்க உதவும். எனினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. காண்டல் தானே அறிவுதரும் அளவை. கான்ட்டுக்கோ, கருத்துடன் கூடினாலன்றி அது அறிவாகாது.

எனவே, இரு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு, மூலக் கலைச்சொற்களை அருகில் குறித்துக்கொண்டு படித்தல் நன்று.