கருந்துளையைக் காட்டிய எக்ஸ் கதிர்

சங்கரன்கோவிலில் ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, மறைக்கல்வி மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "சாமி, கருந்துளையில இருந்து வெளிச்சமே வெளிய வராதாமே. அப்ப அது இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

நல்ல கேள்வி. இதற்கான பதில் ஒரு வகையில் சென்னையில் தொடங்குகிறது. மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்குகிறது. அது சூரியனைவிட ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால், வெண்குள்ளனாக நிலைத்து நிற்க இயலாது, மேலும் சுருங்கும். 1935-இல் லண்டனில் இதை அவர் எடுத்துரைத்தபோது, பெரும் வானியலாளரான எடிங்டன் அதே அவையில் எழுந்து அதை நகைப்புக்கிடமாக்கினார். 24 வயது இளைஞருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! சில ஆண்டுகளில் அவர் வேறு ஆய்வுகளுக்குத் திரும்பிவிட்டார்.

கணக்குக்கு வானிலிருந்து சாட்சி வேண்டியிருந்தது. அது எக்ஸ் கதிராக வந்தது. எலும்பு முறிவைப் பார்க்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதே கதிர்தான். நம் உடலை ஊடுருவும் இக்கதிரை, விண்ணிலிருந்து வரும்போது வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. (நமக்கு அது நல்லதே.) எனவே கருவியை மேலே அனுப்பியாக வேண்டும். 1964-இல் ராக்கெட்டில் சென்ற கருவி, சிக்னஸ் எனும் விண்மீன் கூட்டத்தில் வலுவான எக்ஸ் கதிர் வரும் ஓர் இடத்தைக் கண்டது. அதற்குச் சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயர்.

1970 டிசம்பர் 12 அன்று, கென்யக் கடலோரத்திலிருந்து 'உகுரு' செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று அந்நாட்டின் விடுதலை நாள்; சுவாஹிலி மொழியில் உகுரு என்றால் விடுதலை. சிக்னஸ் எக்ஸ்-1 வெளியிடும் கதிர் ஒரு நொடிக்குள்ளேயே கூடிக் குறைவதை அது காட்டியது. அப்படியானால் கதிர் பிறக்கும் இடம் மிகச் சிறியது. அதே இடத்தில் உள்ள நீல நிறப் பெரு விண்மீன் ஒன்று, 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றி வருவது 1971-இல் தெரியவந்தது. அந்த 'எதையோ' மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. 2021-இல் வெளியான கணக்கின்படி அதன் நிறை சுமார் 21 சூரியன்களுக்குச் சமம். இவ்வளவு கனத்தை இவ்வளவு சிறிய இடத்தில் வேறு எதனாலும் அடக்க முடியாது.

கதிர் துளைக்குள்ளிருந்து வருவதில்லை. பக்கத்து விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வாயு, சுழன்று விழும்போது பல இலட்சம் டிகிரி சூடேறி, உள்ளே மறையுமுன் அதைச் சிந்துகிறது.

சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் 1995-இல் மறைந்தார். 1999 ஜூலையில் நாசா அனுப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 'சந்திரா' எனும் அவர் பெயரைத் தாங்கியது. நம் நாடும் 2015-இல் அஸ்ட்ரோசாட்டையும், 2024 புத்தாண்டு நாளில் எக்ஸ்போசாட்டையும் ஏவியது.

இவற்றைக் கேட்ட சிறுவன் சற்று யோசித்தான். "அப்ப, கிணத்துல விழுறவன் போடுற சத்தம் மாதிரியா சாமி?"

ஏறக்குறைய அதுதான் என்றோம்.