பேச்சும் மருந்துதான், கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்

முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பிலும் கிராமத்துச் சந்துகளிலும் வசிக்கும் தமிழர்களில் ஊரைவிட்டுத் தனியே வந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், எதிலும் பற்றின்றி இருந்தால் நாம் சொல்வது ஒன்றே: "மனசைத் திடப்படுத்திக்கோ, மலை மந்திருக்குப் போய்விட்டு வா." சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் வந்திருப்பது மனச்சோர்வு என்னும் நோயானால் புத்திமதி போதாது.

இந்நோய்க்குப் பேச்சு வைத்தியம் உண்டு. ஒரே முறையைப் பின்பற்றினாலும் சில ஆலோசகர்களிடம் செல்வோர் அதிகம் குணமடைகின்றனர் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பட்டமும் அனுபவ ஆண்டுகளும் மட்டும் இவ்வேற்றுமைக்குக் காரணமாகிவிடுவதில்லை.

கோவாவில் நடந்ததைப் பாருங்கள். டாக்டர் விக்ரம் படேல் முதலானோர் 1996-இல் தொடங்கிய 'சங்காத்' நிறுவனம், மனநல வைத்தியம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தியது. கடும் மனச்சோர்வுள்ள 495 பேர் சோதனையில் சேர்ந்தனர். அனைவருக்கும் வழக்கமான சிகிச்சை கிடைத்தது. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஆறு முதல் எட்டு முறை ஆலோசனை. நின்றுபோன சிறு வேலைகளை மீண்டும் தொடங்க நோயாளியுடன் சேர்ந்து திட்டமிடுவதே அதன் சாரம். மூன்று மாதத்துக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 39 சதவீதத்தினரும் நோய் தணிந்திருந்தனர். முடிவுகள் 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின.

ஆலோசகர்களைப் பயிற்சியோடு விட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உரையாடல்களின் ஒலிப்பதிவைக் கூடிக் கேட்டு, ஒருவர் பேச்சுக்கு மற்றவர் மதிப்பெண் போட்டுக் குறைகளைத் திருத்திக்கொண்டனர். தேர்ச்சி என்பது பிறவிக் குணமன்று. கற்றுத் தரலாம், சோதித்தும் பார்க்கலாம்.

ஆகவே ஆலோசகரிடம் செல்வோர் சில விஷயங்களைக் கவனிக்கலாம். நாம் சொல்வதை முழுதும் கேட்கிறாரா? அடுத்து என்ன செய்வது என்று நம்மையும் கலந்து தீர்மானிக்கிறாரா? போன வாரம் பேசியதை மறவாமல் விசாரிக்கிறாரா? பல முறை சென்றும் மாற்றம் இல்லையென்றால் அதை அவரிடமே சொல்லலாம். வேறொருவரை நாடுவதும் தவறன்று. குணமாகாததற்குத் தன் மனத்திடக் குறைவே காரணம் என்று நோயாளி தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நமக்கு அருகிலேயே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் மனநலப் பிரிவு உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது அக்கம்பக்கத்தாரின் கடமை.